நடுவில் ஒரு படியைக் காணோம்

குடியரசு தின அணிவகுப்பை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். கடைசியில் போர் விமானங்கள் டெல்லி வானத்தைக் கிழித்துக்கொண்டு போகும். நாம் சோபாவில் சாய்ந்தபடி, ‘நம்ம பசங்க பின்றாங்கப்பா!’ என்போம். அப்புறம் டிபன் சாப்பிடப் போய்விடுவோம்.

அந்தப் பசங்களை எப்படித் தயார் பண்ணுகிறோம் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? கேட்டிருந்தால், ஒரு பயிற்சி விமானத்துக்கு ஆர்டர் கொடுக்க இந்த தேசம் 22 வருஷம் எடுத்துக்கொண்டிருக்காது.

முதலில் அந்த வேலை என்னவென்று பார்த்துவிடலாம். விமானப் படையில் விமானி ஆக ஒரு திறன் சோதனை உண்டு. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். கோட்டை விட்டால், ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ கதையெல்லாம் கிடையாது. தேறினால் துண்டிகல் அகாடமி. நம்ம ஊர் திண்டுக்கல் இல்லை, ஐதராபாத் பக்கத்தில் இருப்பது. அங்கே சேர்ந்த எல்லோருக்கும் போர் விமானம் கிடைத்துவிடாது. பலர் ஹெலிகாப்டருக்கும் சரக்கு விமானத்துக்கும் பிரிந்து போவார்கள்.

மிச்சம் இருப்பவருக்குத்தான் நிஜமான பரீட்சை. விமானத்தைச் சட்டென்று திருப்பும்போது உடம்பின் எடை 9 மடங்கு வரை ஏறும். 60 கிலோ ஆள் அந்த விநாடியில் 540 கிலோ! ரத்தம் தலையை விட்டுக் காலுக்கு ஓடும். முதலில் பார்வையில் நிறம் போகும், அடுத்து கண் இருட்டும், அதற்கும் மேலே போனால் நினைவு தப்பும். தொடையையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டு ரத்தத்தை மேலேயே நிறுத்த வேண்டும். அதே சமயம் ரேடியோவில் பேச வேண்டும், கருவிகளைப் படிக்க வேண்டும், எதிரி எங்கே என்றும் தேட வேண்டும். நமக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

இந்தக் கடுமையைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. கடுமையாகத்தான் இருக்க வேண்டும். என் சண்டை வேறு. கடுமையான பயிற்சி கொடுப்பது ஒன்று. பயிற்சிக்கு வேண்டிய சாமானே வாங்கித் தராமல், ‘நீ வீரன், சமாளிச்சுக்கோ’ என்று அனுப்புவது இன்னொன்று.

பயிற்சி என்பது ஏணி மாதிரி. முதலில் விசிறி வைத்த சின்ன விமானம். அடுத்து மெதுவான ஜெட். பிறகு வேகமான பயிற்சி ஜெட். கடைசியில் நிஜப் போர் விமானம். நம்மிடம் முதல் படிக்கு தீபக் இருந்தது, இரண்டாவதுக்கு கிரண் இருந்தது. அதற்கு மேல் காலை வைத்தால் மிக்-21தான்!

கிரண் எவ்வளவு விரட்டினாலும் மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டாது. மிக்-21 ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் போகும். தரையில் இறங்கும்போதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். டி.வி.எஸ். 50-ல் காலை ஊன்றி ஓட்டிப் பழகிய பையனை ரேஸ் பைக்கில் ஏற்றி, ‘போய்ட்டு வா கண்ணு’ என்பீர்களா? சொந்தப் பிள்ளை என்றால் மாட்டீர்கள்.

இதை யாரும் கவனிக்கவில்லையா என்றால், நன்றாகக் கவனித்தார்கள். 1982-லேயே ஏர் மார்ஷல் லா ஃபான்டேன் கமிட்டி, நவீன பயிற்சி ஜெட் வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஃபைல் கிளம்பியது. விலை பேசினார்கள், ஆட்சி மாறியது, மறுபடி விலை பேசினார்கள். ஒட்டுப் போடுகிற மாதிரி 1986-ல் தேஜ்பூரில் ஒரு பிரிவைத் தொடங்கி, மிக்-21-ஐயே பயிற்சி விமானம் ஆக்கினார்கள். போர் விமான விபத்துகளை ஆராய இன்னொரு கமிட்டி வந்தது. தலைவர் நம் அப்துல் கலாம். விமானி ஆகும் ஆசையில் டேராடூன் போய், 8 இடத்துக்கு 9-வதாக வந்து திரும்பிய அதே கலாம். 1997-ல் அறிக்கை கொடுத்தார்.

66 ‘ஹாக்’ விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2004 மார்ச்சில். பீதர் தளத்தில் அவை சேர்ந்தது 2008 பிப்ரவரியில். 1982-ல் பிறந்த குழந்தை அதற்குள் வளர்ந்து, தானே போர் விமானியாகிப் பறந்திருக்கும். அதுவும் அந்தப் படி இல்லாமலேயே ஏறி!

மிக் ரக விமானங்கள் 872 வாங்கினோம். அதில் 482 விபத்துகளில் போயின, 171 விமானிகள் செத்தார்கள் என்று 2012-ல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி மாநிலங்களவையில் சொன்னார். யுத்தத்தில் இல்லை சார், விபத்தில்!

‘பறவை மோதினா பயிற்சி விமானம் என்ன பண்ணும்? எஞ்சின் நின்னா என்ன பண்ணும்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 171 பேரும் ஏணியின் ஒரு படி இல்லாததால்தான் செத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால், அந்த ஒரு நொடியில் கை தானாகச் சரியான இடத்துக்குப் போவதற்குப் பெயர்தானே பயிற்சி?

விசாரணை முடிந்ததும் அடிக்கடி வருகிற இரண்டு வார்த்தை ‘மனிதத் தவறு’. நான் பி.காம். படித்தவன். கணக்கில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால், வித்தியாசத்தை ‘சஸ்பென்ஸ் அக்கவுன்ட்’ என்று ஒரு தலைப்பில் போட்டு வைப்போம். தற்காலிக ஏற்பாடுதான். தவறு எங்கே என்று கண்டுபிடித்து நேர் செய்தே ஆக வேண்டும். இங்கே என்னடாவென்றால், செத்துப்போன விமானியின் பெயரில் வித்தியாசத்தை எழுதிவிட்டு லெட்ஜரையே மூடிவிடுகிறார்கள். 2001-ல் ராஜஸ்தானின் சூரத்கரில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், ‘தப்பு என் பிள்ளை மேலே இல்லை’ என்று வருஷக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. தப்பு மனிதத் தவறாகவே இருக்கட்டும். 22 வருஷம் ஃபைலைத் தள்ளியவர்களும் மனிதர்கள்தானே?

‘அதான் ஹாக் வந்துடுச்சே, மிக்-21-க்கும் 2025 செப்டம்பரில் சண்டிகரில் விடை கொடுத்தாச்சே’ என்கிறீர்களா? பொறுங்கள். முதல் படியான தீபக், 17 விபத்துகளில் 19 உயிர்களைக் குடித்த பிறகு 2009-ல்தான் நிறுத்தப்பட்டது. மாற்றாக சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் வர 2013 ஆனது. நம் நாட்டுத் தயாரிப்பான எச்.டி.டி.-40 முதலில் பறந்தது 2016-ல், ஒப்பந்தம் 2023-ல். உற்பத்தியில் வந்த முதல் விமானம் வானத்தைப் பார்த்தது 2025 அக்டோபரில். 2015-ல் 486 ஆக இருந்த விமானிகள் பற்றாக்குறை 2021 முடிவில் 596 ஆகிவிட்டது என்கிறது தணிக்கை அதிகாரியின் அறிக்கை. ஃபைல் இன்னும் அதே வேகத்தில்தான் நகர்கிறது.

இனி விமான விபத்துச் செய்தி வந்தால், ‘ஐயோ பாவம்’ என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். இந்தப் பையன் எந்த விமானத்தில், எத்தனை மணி நேரம் பழகினான்? அவனுக்கு வாங்க வேண்டியது எந்த மேஜையில், எத்தனை வருஷமாகத் தூங்குகிறது? ஓட்டு கேட்டு வருகிறவரிடம் கேளுங்கள். சாலை கேட்கிறோம், தண்ணீர் கேட்கிறோம், இதையும் கேட்கலாம்.

தேசியக் கொடி போர்த்தி அனுப்பும்போது எல்லோரும் வரிசையில் நின்று சல்யூட் அடிக்கிறார்கள். அந்த வரிசையில் ஃபைலை வைத்துக்கொண்டிருந்தவரும் நிற்கிறார்.