கதவு இரண்டரை அடிதான் என்று யார் முடிவு செய்தது?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டுகிறவர்கள், தொடர்மாடியில் வீடு வாங்க நினைக்கிறவர்கள், பிள்ளையைப் படவரைஞர் பாடநெறிக்கு அனுப்பியிருக்கிறவர்கள், பள்ளிவாசல், கோவில், தேவாலய நிர்வாகங்களில் இருக்கிறவர்கள் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் பழைய வீடுகள் போய்த் தொடர்மாடிகள் வந்துவிட்டன. கொட்டாஞ்சேனையிலும் அதே கதைதான். லிப்ட் இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது, தரையில் விலை கூடிய டைல்ஸ் இருக்கிறது. ஆனால் குளியலறைக் கதவைப் பாருங்கள். அனேகமாக இரண்டரை அடி, சில வீடுகளில் அதுவும் இல்லை. வீட்டுப் பெரியவர் ஒருவர் விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வருகிற நாளில்தான் அந்தக் கதவின் அகலம் எங்களுக்குத் தெரியவருகிறது. நாற்காலி வாசலோடு நின்றுவிடும். பிறகு ஒவ்வொரு தடவையும் மகனோ மருமகளோ தூக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க யாரிடமும் கையேந்தாத மனிதர் கழிவறைக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்.

கணக்கைப் பார்ப்போம். இரண்டரை அடி என்றால் 30 அங்குலம். இரண்டு பக்க நிலையும் இரண்டிரண்டு அங்குலம் எடுத்தால் 26 மிஞ்சும். திறந்த கதவின் தடிப்பு இன்னும் ஓர் அங்குலத்துக்கு மேல் தின்னும். பெரியவர்களுக்கான சாதாரண சக்கர நாற்காலியே 25, 26 அங்குல அகலம். சில்லைத் தள்ளும் கைக்கு எங்கே இடம்? அமெரிக்காவின் அணுகல் தரத்தில், கதவு திறந்த பிறகு மிஞ்சும் வழி ஆகக் குறைந்தது 32 அங்குலம். நாற்காலி திரும்புவதற்கு 60 அங்குல விட்டமுள்ள வட்டம் வேண்டும்.

எங்கள் நாட்டில் சட்டம் இல்லாமலும் இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. அதன் கீழ் பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியாயின. அவை நடைமுறைக்கு வரவேண்டும் என்று உயர் நீதிமன்றம் வரை போனவர் கலாநிதி அஜித் பெரேரா. கிரிக்கெட் நடுவராக இருந்தவர், 1992இல் அவருடைய வாகனத்தின் மீது மரம் விழுந்ததால் சக்கர நாற்காலிக்கு வந்தவர். அவருடைய மனுவில்தான் 2011 ஏப்ரலில் நீதிமன்றம் கட்டளை பிறப்பித்தது. ஆனால் அந்த விதிகள் பொதுமக்கள் பாவிக்கும் கட்டடங்களைப் பற்றியவை. எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் வந்து யாரும் கதவை அளக்கப்போவதில்லை.

அப்படியானால் அந்த அளவை முடிவு செய்வது யார்? பல இடங்களில் யாருமே முடிவு செய்வதில்லை என்பதுதான் எங்கள் கருத்து. அது ஏற்கனவே கணினிக்குள் இருக்கிறது.

ஓட்டோகேட் பாவிக்கிறவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். வரைபடத்தில் ஒரு கதவை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கீறுவதில்லை. ஒரு தடவை கீறி, பெயர் வைத்து, 'புளொக்' ஆகச் சேமித்துவிட்டால், பிறகு தேவையான இடத்தில் இறக்கினால் போதும். பத்து மாடி, மாடிக்கு நான்கு வீடு, வீட்டுக்கு இரண்டு குளியலறை என்றால் 80 கதவு. அந்த எண்பதும் ஒரே வரைவிலக்கணத்தின் நிழல்கள். கொமட், பேசின், கட்டில், கார் எல்லாம் அப்படித்தான். ஒரு வேலைக்குச் செய்த புளொக் அடுத்த வேலைக்குப் போகும். அலுவலகம் மாறுகிற படவரைஞர் தன் பென் டிரைவில் அதையும் கொண்டுபோவார். பத்து வருடத்துக்கு முன் ஒருவர் ஏதோ ஒரு சிறிய காணிக்காகக் கீறிய இரண்டரை அடிக் கதவு இன்று எங்கள் வீட்டில் நிற்கலாம்.

கையால் கீறிய காலத்தில் இப்படி இல்லை. ஜெப்ரி பாவாவின் அலுவலக வரைபடங்களில் லக்கி சேனாநாயக்கவும் இஸ்மத் ரஹீமும் மரங்களைக் கையாலேயே கீறினார்கள். கீறுகிற ஒவ்வொரு தடவையும் கண் அந்த இடத்தைப் பார்க்கும். அந்தக் காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. 1982 டிசம்பரில் முதல் ஓட்டோகேட் வந்ததற்குப் பிறகு உலகம் முழுக்க வேலை சுலபமானது, எங்கள் எத்தனையோ பிள்ளைகள் வளைகுடாவில் அதனால் சம்பாதித்தார்கள். நாங்கள் சொல்வது வேறு. பிழை பரவுகிற அதே வழியால் திருத்தமும் பரவும். எண்பது கதவையும் ஒவ்வொன்றாகத் தொடத் தேவையில்லை. புளொக்கின் வரைவிலக்கணத்தைத் திறந்து, மாற்றி, அதே பெயரில் சேமித்தால் எண்பதும் மாறும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை எங்கள் பிள்ளைகள் செலவழிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

ஆனால் கட்டளை தெரிந்தால் மட்டும் போதாது. கீழே சொல்கிற இடங்களில் பிள்ளைகள் சறுக்குவதை நாங்கள் காண்கிறோம்.

முதலாவது, உடைத்த கதவுகள். 'எக்ஸ்ப்ளோட்' கொடுத்து உடைத்துவிட்டால் அது வெறும் கோடு. அதற்கும் புளொக்குக்கும் உறவு முடிந்தது. எழுபது கதவு அகலமாகும், பத்துக் கதவு பழையபடி நிற்கும். யாருக்கும் தெரியாது. மாற்றிய பிறகு எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே பெயர். புதிய கதவை வேறு பைலில் கீறி, கொப்பி பண்ணிப் பழைய வரைபடத்தில் ஒட்டுகிறார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் வரைபடத்தில் ஏற்கனவே இருப்பதுதான் வெல்லும். வந்ததை மென்பொருள் விட்டுவிடும். கட்டளை வரியில் ஒரு வரி மட்டும் வந்து போகும், அதை யாரும் வாசிப்பதில்லை. புதிய கதவு வந்துவிட்டது என்று நினைத்துப் பழைய கதவையே அச்சிட்டுக் கொடுப்போம். 'இன்சர்ட்' மூலம் அதே பெயருள்ள பைலைக் கொண்டுவந்தால், மாற்றி வரையறுக்கவா என்று கேட்கும். அந்தக் கேள்வியை வாசித்துப் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பிடிக்கும் புள்ளியும் அலகும். பழைய கதவைப் பிணைச்சல் மூலையில் பிடித்திருந்து, புதியதை நடுவில் பிடித்தால் எண்பது கதவும் ஒரே நேரத்தில் சுவருக்குள் நகரும். அங்குலத்தில் கீறியதை மில்லிமீற்றர் வரைபடத்துக்கு அலகு பார்க்காமல் கொண்டுவந்தால் 25.4 மடங்கு வித்தியாசம். இது உடனே கண்ணில் படும், அதனால் ஆபத்துக் குறைவு.

நான்காவதுதான் ஆகப் பெரிய ஆபத்து. கதவோடு சேர்த்து எழுதியிருக்கும் அளவு. புளொக்கில் 'அட்ரிபியூட்' என்று இலக்கமும் அகலமும் எழுதி வைப்பார்கள். வரைவிலக்கணத்தை மாற்றினால் உருவம் மாறும், ஏற்கனவே இறக்கிய கதவுகளில் எழுதிய பெறுமதி தானாக மாறாது. 'ஆட்சிங்க்' கொடுத்தாலும் எழுத்தின் இடமும் வடிவமும்தான் சீராகும், எழுதிய எண் அப்படியே இருக்கும். படத்தில் மூன்றடிக் கதவு, பட்டியலில் இரண்டரை அடி. தச்சு வேலை செய்கிறவர் பட்டியலைப் பார்த்துத்தான் பலகை வெட்டுவார்.

ஐந்தாவது, சுவர். புளொக் மாறினால் கதவுதான் மாறும். சுவரில் விட்ட இடைவெளி மாறாது, பேசின் தள்ளி நிற்காது. மூன்றடிக் கதவு உள்ளே திறந்தால் கொமட்டில் முட்டலாம். அப்போது படம் அழகாக இல்லை என்று பழைய கதவுக்கே திரும்பக் கூடாது. அறை சிறியது என்பதை அந்தக் கோடு எங்களுக்குச் சொல்கிறது. கதவை வெளியே திறக்க வைக்கலாம். உள்ளே ஒருவர் விழுந்து கதவோடு கிடந்தாலும் வெளியிலிருந்து திறக்கலாம்.

இனி, 'மாற்றி வரையறுப்பது' வேறு, 'வேறொன்றை வைப்பது' வேறு. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதலாவதில் பெயர் அதேதான், பொருள் மாறுகிறது. இரண்டாவதில் இடம் அதேதான், அங்கே வேறு பெயருள்ள புளொக் வந்து உட்காருகிறது. அதற்கு 'புளொக்ரிப்ளேஸ்' என்ற கட்டளை இருக்கிறது.

புதிதாக வரைகிற கட்டடத்துக்கு மாற்றி வரையறுங்கள். ஆனால் ஏற்கனவே நிற்கிற வீட்டைத் திருத்துவதென்றால் அதைச் செய்ய வேண்டாம். கணினியில் எண்பது கதவும் அகலமாகும், செங்கல் அகலமாகாது. இருக்கிற நிலையைக் காட்டும் வரைபடமே பொய்யாகிவிடும். அங்கே எந்தக் கதவை உடைத்துப் பெரிதாக்குகிறோமோ அதை மட்டும் தெரிந்தெடுத்து, புதிய பெயருள்ள புளொக்கை வையுங்கள். புளொக்ரிப்ளேஸ் அந்தப் பெயருள்ள எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்பதால் இங்கே அதுவும் கவனம். மாநகர சபை அனுமதித்த வரைபடம் என்றால் இன்னும் கவனம். அனுமதி கிடைத்தது ஒரு படத்துக்கு. அதே பைலைத் திறந்து, அதே பெயருக்குள் வேறு கதவை வைத்துச் சேமித்தால், அனுமதித்தது எது, கட்டியது எது என்று நாளைக்கு யாராலும் சொல்ல முடியாது. பிரதி எடுத்து, திகதியும் திருத்த இலக்கமும் போட்டு, அதில் மாற்றுங்கள். நேர்மை என்பது இந்தச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது.

2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. அதற்கு வெளியே எத்தனையோ தனியார் வகுப்புகள். அங்கே படிப்பிக்கிற ஆசிரிய நண்பர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். புளொக் பாடத்தில் கட்டளையை மட்டும் சொல்லாதீர்கள். முதல் பயிற்சியாக ஒரு குளியலறையைக் கொடுத்து, அதில் 60 அங்குல வட்டம் ஒன்றைப் புளொக்காக இறக்கச் சொல்லுங்கள். வட்டம் சுவரில் முட்டினால், எங்கே, ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை பிறகு டோஹாவில் வரைந்தாலும் தெமட்டகொடையில் வரைந்தாலும் வட்டத்தை மறக்காது.

பெற்றோரும் வீடு கட்டுகிறவர்களும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "கதவு திறந்த பிறகு எத்தனை அங்குலம் மிஞ்சும்?" கதவின் அளவைக் கேட்காதீர்கள், மிஞ்சும் வழியைக் கேளுங்கள். அத்திவாரம் போடுவதற்கு முன் கேட்டால் செலவு மிகக் குறைவு. டைல்ஸ் பதித்த பிறகு கேட்டால் சுவரை உடைக்க வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே, வுழூச் செய்யும் இடத்துக்கான படம் வரும்போதும் இதையே கேளுங்கள். தொழுகைக்குக் கதிரை போட்டுக் கொடுக்கிறோம், நல்ல விஷயம். ஆனால் கதிரைக்கு வருவதற்கு முன் அந்த மனிதர் தண்ணீரிடம் போக வேண்டுமே. கோவில், தேவாலய மண்டபங்களுக்கும் இதே பேச்சுத்தான்.

படவரைஞர்களாக இருக்கும் தம்பி, தங்கைகளே, இன்று வேலை முடிந்ததும் உங்கள் புளொக் பைலைத் திறந்து, அந்தக் குளியலறைக் கதவை ஒருமுறை அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் இன்றே புதிய பெயரில் ஒன்றைச் செய்து வையுங்கள். நாளைக்கு வருகிற வேலையில் அதை இறக்குங்கள். முதலாளி கேட்டால் காரணம் சொல்லுங்கள். அளந்த அளவை இந்தப் பதிவின் கீழும் எழுதுங்கள், மற்றவர்களும் பார்க்கட்டும்.