வெயில் அடிக்கும்போதும் இடி விழும்

மழையே இல்லை, வெயில் அடிக்கிறது, இடி எப்படி விழும் என்று கேட்கிறார்கள். விழும். மழை மேகத்துக்கு 10 கிலோமீட்டருக்கு அப்பாலும், சில நேரம் இன்னும் தொலைவிலும், வெளுத்த வானத்தின் கீழே மின்னல் இறங்கும். மேகத்தின் மேற்பகுதியில் கிளம்பிப் பக்கவாட்டில் ஓடி வருவது அது. இடிச்சத்தம் காதில் விழுந்தாலே நாம் அதன் எல்லைக்குள் இருக்கிறோம். மரத்தடி ஆகாது, கீற்றுக் கொட்டகையும் காப்பாற்றாது. கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும்.

சரி, இதை நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள். தூறல் விழுந்தாலே யோசித்து யோசித்துத்தான் கரையேறச் சொல்கிறார்கள். தூறலே இல்லாதபோது, எங்கோ தொலைவில் உறுமியதற்காக அவள் கரையேறினால் அரைநாள் கூலி போகும், மறுநாள் வேலையும் போகலாம்.

2022-ல் இயற்கைச் சீற்றங்களால் இறந்த 8,060 பேரில் 2,887 பேர் மின்னலுக்குப் பலியானவர்கள் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். ஆணா பெண்ணா, என்ன வயது என்று பிரித்துச் சொல்லும் அந்த அறிக்கை சாதியைச் சொல்வதில்லை. மின்னலுக்கு ஏது சாதி என்று உடனே ஒருவர் வருவார். வயலில் நிற்பவர்களுக்கு இருக்கிறதே ஐயா! 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதி உழைப்பாளர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் விவசாயக் கூலிகள்.

2025 அக்டோபரில் கடலூர் மாவட்டம் கழுதூரில் மக்காச்சோள வயலில் நின்ற நான்கு பெண்கள் மின்னல் தாக்கி இறந்தார்கள். நிவாரணம் அறிவித்தார்கள். அதோடு செய்தி முடிந்தது. 'அர்ச்சுனா அர்ச்சுனா' என்று சொல்லச் சொன்ன பாட்டிகளைப் பார்த்துச் சிரிக்கிறோம்; 'விழிப்புணர்வு' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் அதிகாரிகளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

சுற்றுவட்டாரத்தில் மின்னல் வருகிறதா என்று காட்ட ஒன்றிய அரசின் 'தாமினி' செயலி இருக்கிறது. அதைப் பார்த்து வேலையை நிறுத்தும் பொறுப்பு வேலை வாங்குபவருக்கே இருக்க வேண்டும், முழுக்கூலியோடு. நூறு நாள் வேலைத் தளத்தில் அந்தப் பொறுப்பு அரசுக்கு.

தோழர்களுக்கு இன்னொன்று: இடி விழுந்து யாராவது இறந்தால் அவசரப்பட்டு அடக்கம் செய்துவிடாதீர்கள். 4 லட்ச ரூபாய் நிவாரணத்துக்கு இறப்பின் காரணம் சான்றாக வேண்டும். கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் அன்றே எழுதிக் கொடுங்கள், பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.