துவைத்தாளா, துவைப்பாளா? ஸ்பானிஷ் படிப்பவர்களுக்கு ஒரு யோசனை

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பிக்கும் தமிழ் மாணவர்கள் பலரும் தமிழை வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டுத்தான் வகுப்புக்குள் போகிறார்கள். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆங்கிலத்திலேயே யோசிக்க வேண்டும் என்ற நினைப்பு. துவைப்பது, கழுவுவது போன்ற சாதாரண வாக்கியங்களிலேயே இந்தப் பழக்கம் காலை வாரிவிடுகிறது.

ஆங்கிலத்துக்கு 'வாஷ்டு' என்ற ஒரே சொல் போதும். போன திங்கட்கிழமை துணி துவைத்தாலும் அதுதான், ஒரு காலத்தில் வாராவாரம் துவைத்திருந்தாலும் அதுதான். ஸ்பானிஷ் அப்படி விடாது. துவைத்து முடித்த செயல் என்றால் 'லவோ'. அந்தக் காலத்து வழக்கம் என்றால் 'லவாபா'.

உடனே மாணவர்கள் ஒரு சூத்திரம் போடுகிறார்கள்: பலமுறை நடந்தால் 'லவாபா'. ஆனால் 'பத்து வருஷம் ஆற்றில் துவைத்தாள்' என்பதற்கு 'லவோ'தான் வரும். பத்து வருஷம் என்ற எல்லை அந்தச் செயலை முடித்து மூடிவிடுகிறது. சூத்திரம் அவுட்!

இதையே தமிழில் சொல்லிப் பாருங்கள். 'அந்தக் காலத்தில் பாட்டி ஆற்றில்தான் துவைப்பாள்.' 'பாட்டி பத்து வருஷம் ஆற்றில் துவைத்தாள்.' இரண்டும் கடந்த காலம்தான். ஆனாலும் எங்கே 'துவைப்பாள்', எங்கே 'துவைத்தாள்' என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலாவது 'லவாபா', இரண்டாவது 'லவோ'.

கை கழுவுவதும் இப்படித்தான். ஆங்கிலத்தில் 'அவனுடைய கைகளை' என்று சொல்லியே ஆக வேண்டும். ஸ்பானிஷில் 'சே லவோ லாஸ் மானோஸ்'. இதில் 'அவனுடைய' கிடையாது. தன் கையைத்தான் கழுவினான் என்பதை அந்தச் சின்ன 'சே' சொல்லிவிடுகிறது. தமிழில் 'கையைக் கழுவிக்கொண்டான்' என்கிறபோது 'கொண்டான்' செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். குழந்தைக்குக் கழுவிவிட்டால் 'சே' போய் 'லே' வருகிறது.

தமிழ் எல்லாவற்றுக்கும் கை கொடுக்கும் என்று சொல்ல முடியாது. துணிக்குத் துவைப்பது, கைக்குக் கழுவுவது, பாத்திரத்துக்கு விளக்குவது என்று தமிழ் பிரிப்பதையெல்லாம் 'லவார்' என்ற ஒரே வினையில் அடக்கிவிடலாம். ஆனால் ஸ்பெயினில் பாத்திரத்துக்குப் பெரும்பாலும் 'ஃப்ரெகார்' என்பார்கள். இதையெல்லாம் புதிதாகத்தான் கற்க வேண்டும்.

ஆங்கிலப் புத்தகத்தைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. மொழிபெயர்க்கும் முன் வாக்கியத்தை ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அயல்மொழி கற்பதற்காகத் தாய்மொழியைக் கை கழுவ வேண்டியதில்லை, நண்பர்களே!