சிலையைக் கழுவுவதற்கு முன் ரேகையை எடுங்கள்

அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டுவிட்டார்கள் என்று தகவல் போனால், விடிவதற்குள் போலீஸ் வந்துவிடும். கூடவே ஒரு வாளித் தண்ணீரும் துணியும் வரும். செருப்பைக் கழற்றி வேனில் எறிவார்கள். சிலையைத் துடைத்துப் புது மாலை போடுவார்கள். "பிரச்சினை பண்ணாதீங்க, கலைஞ்சு போங்க" என்பார்கள். எஃப்ஐஆரில் 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்றிருக்கும். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் வேலை செய்யும் நான் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

அடையாளம் தெரியவில்லையா, துடைக்கப்பட்டதா?

விரல் பட்ட இடத்தில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் படிகின்றன. பெயிண்ட் அடித்த கூண்டுக் கம்பியில் பொடி தூவி பிரஷால் தடவினால் ரேகை தெரியும். பிளாஸ்டிக் செருப்பை மூடிய பெட்டியில் வைத்து சூப்பர் குளூ ஆவி காட்டினால் வெள்ளையாக எழும். மிரட்டல் கடிதத்தில் நின்ஹைட்ரின் தடவினால், வியர்வையின் அமினோ அமிலங்களோடு சேர்ந்து ஊதாவாகத் தெரியும். நனைந்த பொருளுக்கும் தனிக் கரைசல் உண்டு. ஒவ்வொரு முறையும் தெளிவான ரேகை கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் துடைத்த பிறகு எதைத் தேடுவது?

இந்த அரசுக்கு ரேகை புதிதல்ல. உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப் பரம்பரைச் சட்டப்படி ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் உட்பட 16 பேர் செத்தார்கள். குறவர்களும் அதே சட்டத்தில் சிக்கியவர்கள்தான். ஆதிக்கச் சாதிகளோடு நமக்குள்ள வழக்கு வேறு. பிறப்பைக் குற்றமாக்கிய ரேகையை மறுத்தது நியாயம் என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நம் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களிடமே டிஎன்ஏ மாதிரி கேட்டார்கள். 2025 ஜனவரியில் அதே குடியிருப்பின் மூன்று இளைஞர்கள் மீதே சிபிசிஐடி குற்றப்பத்திரிகை வைத்தது. மக்கள் அதை ஏற்கவில்லை. 2022-இல் வந்த அடையாளச் சட்டமோ, கைதானவரின் ரேகையை 75 ஆண்டு வரை வைத்துக்கொள்ள வழி செய்கிறது. நம் உடம்பிலிருந்து எடுப்பதில் காட்டும் அக்கறை, நம்மீது குற்றம் நடந்த இடத்தில் ஏன் இல்லை?

விடை சட்டத்திலேயே இருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்குத் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்கிறது. அதற்கும் மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில் தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரைதான். நாம் மதிக்கும் சிலையை இழிவுபடுத்துவது, குடிநீரைக் கெடுப்பது எல்லாம் அதற்குள்தான் வருகின்றன. நிபுணர் வரவேண்டிய கட்டாயமே இல்லை.

தமிழக அரசு ஓர் ஆணை போட்டால் போதும்: வன்கொடுமை வழக்கு எதுவானாலும், தண்டனை எத்தனை ஆண்டானாலும், தடயவியல் குழு வந்து போன பிறகே சம்பவ இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும்.

அதுவரை தோழர்களே, நாம் செய்ய வேண்டியது ஒன்று. மனசு பதைக்கும், உடனே கழற்றி எறியத் தோன்றும். தொடாதீர்கள். படம் எடுங்கள், சுற்றி நில்லுங்கள். ரேகை எடுக்க ஆள் வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். வாளியோடு வருபவரிடம், யாருடைய ரேகையைக் கழுவ வந்தீர்கள் என்று கேளுங்கள்.