சிங்கத்தைச் சுட்டவர்கள்

பூநாரை பார்த்தே தீரவேண்டும் என்று அடம்பிடித்த என் அத்தானைப் போன மாதம் பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போனேன். பூநாரை கண்ணில் படவில்லை. மீன் ஏலம் போடும் இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஒதுங்கினோம். டிவியில் ஏதோ போர்ப் படம். வலையை மடியில் போட்டபடி நாலைந்து பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் என் காதோரம் சாய்ந்தார். "பாவம், படிக்காத சனம். எதைக் காட்டினாலும் நம்பிடும். யுத்த காலத்துல வெள்ளைக்காரன் இவங்களைத்தானே ரேடியோவும் சினிமாவும் வச்சு ஏமாத்தினான்!"

இதை எத்தனை கல்யாண வீட்டுத் திண்ணையில் கேட்டாயிற்று. கேட்பவர்களும் தலையாட்டத்தான் செய்கிறார்கள்.

ரேடியோவாம். சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் வந்தது 1938இல். மறு வருஷம் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, இந்தியா முழுக்க உரிமம் பெற்ற ரேடியோப் பெட்டிகள் ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. அவை யார் வீட்டுக் கூடத்தில் இருந்திருக்கும்? பழவேற்காட்டு மீனவர் குடிசைக் கூரையில் ஏரியல் கட்டி, இரவு செய்தி கேட்டுவிட்டா வலை வீசப் போனார்கள்? டில்லி, லண்டன், பெர்லின் என்று மாறி மாறிக் காது கொடுத்தவர்கள் வக்கீலும் டாக்டரும் அதிகாரியும்தான்.

அந்த மெத்தப் படித்தவர்களின் லட்சணத்தை 1942 ஏப்ரலில் ஊரே பார்த்தது. 5ஆம் தேதி கொழும்பில் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். ஜப்பான் கப்பற்படை சென்னையை நோக்கி வருகிறது என்றொரு தகவல் வந்தது. கவர்னர் ஆர்தர் ஹோப்பின் அரசு, நகரில் அவசிய வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று அறிவித்துவிட்டு, தானும் மூட்டை கட்டியது. அலுவலகங்கள் வெளியூர்களுக்கு ஓடின. மிருகக்காட்சிசாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடுமாம். கப்பற்படை வரவே இல்லை. குண்டு விழுந்தது அடுத்த வருஷம் அக்டோபரில், அதுவும் ஒற்றை விமானத்திலிருந்து. சிங்கத்தைச் சுட்டவர் எந்தக் குப்பத்து ஆள், அத்தான்?

சினிமாவுக்கு வருவோம். 1943இல் அரசு ஒரு விதி போட்டது: ஒவ்வொரு காட்சியிலும் அரசு அங்கீகரித்த படத்தைத் தியேட்டர்காரர் ஓட்டியாக வேண்டும். பார்த்த மாத்திரத்தில் நம்பிவிடுகிற சனத்துக்குச் சட்டம் எதற்கு? கச்சா பிலிம் சர்க்கார் பிடியில் இருந்தது. பிலிம் வேண்டுமா, போர்ப் படம் எடு. தன் 'தியாகபூமி' படத்துக்குத் தடை போட்ட அதே வெள்ளை அரசுக்குத்தான் டைரக்டர் கே. சுப்ரமணியம் 'மானசம்ரக்ஷணம்' எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் 'பர்மா ராணி' எடுத்தது. வளைக்கப்பட்டவர்கள் முதலாளிகளும் டைரக்டர்களும். ஏமாளிப் பட்டம் மட்டும் தரை டிக்கெட்காரனுக்கு. வெள்ளைக்காரன் போன பிறகாவது விட்டார்களா? 1948இல் அரசுச் செய்திப்படம் எடுக்கும் பிலிம்ஸ் டிவிஷன் வந்தது. அணை திறப்பு விழாவைப் பார்த்து முடித்தால்தான் எம்.ஜி.ஆர். வருவார்.

பழவேற்காட்டார் எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்கள் அல்ல. புயல் எச்சரிக்கையைக் கேட்பார்கள்; கேட்டுவிட்டுக் கரைக்குப் போய் நீவாடு என்னும் நீரோட்டத்தையும் காற்றையும் பார்ப்பார்கள். தப்பாக நம்பினால் வீடு திரும்ப முடியாத தொழில். பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது. செய்தி வாசிப்பவருக்கு அது தேசத்தின் பெருமை, இவர்களுக்கு ஒரு நாள் கூலி போன கணக்கு. இரண்டும் இவர்களுக்குத் தெரியும். அத்தானுக்கு ஒன்றுதான் தெரியும்.

அன்றைக்கு டீக்கடையில் படம் முடிந்ததும் வலைக்காரப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏம்ப்பா, இதுவரைக்கும் எந்தப் படத்துலயாவது நம்ம ஆளு தோத்திருக்கானா?" கடையே சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை, போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

2025 மே 8 இரவு, இந்தியா-பாகிஸ்தான் மோதலின் நடுவே, கராச்சித் துறைமுகம் தரைமட்டம் என்று கோட்டு சூட்டு போட்டவர்கள் டிவியில் தொண்டை கிழியக் கத்தினார்களே, நினைவிருக்கிறதா? துறைமுகம் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. அந்தச் செய்தியை நள்ளிரவில் எனக்கு மூன்று முறை அனுப்பியவர் எம்.எஸ்ஸி. படித்த என் அத்தான்.