வெயிலில் விளையும் குளிர்

வெயில் தகிக்கும் வேளையில்தான் குளிர்ச்சி மிகுதியும் வேண்டப்படுகின்றது. அவ்வெயிலே குளிரைத் தரவல்லது என்பதை, 1878ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் கதிரவன் வெப்பத்தால் பனிக்கட்டி உண்டாக்கி, பிரெஞ்சு ஆசிரியர் அகுஸ்தான் மூஷோ மெய்ப்பித்தார்.

சிங்கப்பூர்த் தெம்பனிஸில் ஒரு கல்லூரி வளாகத்தின் கூரைகளில் 2011ஆம் ஆண்டு ஏறத்தாழ 3,900 சதுர மீட்டர் பரப்பில் வெப்பத் தகடுகள் பொருத்தப்பட்டன. அவை காய்ச்சும் நீரின் சூடே குளிரூட்டும் பொறியை இயக்கும். இத்தகைய பொறிகளில் தாழ்ந்த அழுத்தத்தில் நீர் ஆவியாகிக் குளிர்தரும். அவ்வாவியை லித்தியம் புரோமைடு கரைசல் உறிஞ்சும். வெப்பம் நீரை மீட்டளிக்கும். மின்சாரம் சிறிதே போதும்.

ஒளிமின் தகடுகள் மலிந்தபின் இம்முறை பின்தங்கியது உண்மையே. எமது கவலை வேறு. வீட்டுக்கொரு பெட்டி மாட்டி, உள்ளிருக்கும் சூட்டைச் சந்தில் கொட்டுகிறோம். பெட்டி வாங்க இயலாதவர் வாழ்வதும் அச்சந்திலேதான்! பல கட்டடங்களுக்கும் பொதுவாக ஒரே நிலையம் அமைத்து, குழாய்வழிக் குளிர்நீர் அனுப்பி, நண்பகலில் குளிர்வித்த நீரை இரவுக்கெனத் தேக்கினால், சூடு கூரைமேற் கோபுரத்தின் வழியே வெளியேறும். அந்நிலையத்தை இயக்குவது கதிரவனின் ஒளியாயினும் வெப்பமாயினும் எமக்கு வழக்கில்லை. புதிய விடுதிக்கு வரைபடம் தீட்டுவோர், அறைதோறும் ஒரு பெட்டி என்று எழுதுமுன் இதனை ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டுகிறோம்.