தீவக மக்களுக்கு நோயறிதல் எட்டாக் கனியாகலாமா?

வடகீழ்ப் பருவப் பெயர்ச்சி மழை தொடங்கியதும் யாழ். குடாநாட்டு வைத்தியசாலைகளில் காய்ச்சல் நோயாளரின் தொகை அதிகரிப்பது வழமையாகிவிட்டது. வழமையானது என்பதாலேயே அதனைப் பெரிதாக எவரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் 2024 டிசெம்பர் மாதத்தின் முதல் இரு வாரங்களில் நிகழ்ந்தவை அந்த அலட்சியத்துக்கு எத்தகைய விலை கொடுக்க நேரும் என்பதை உணர்த்தின. நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையின் வெள்ளம் வற்றுவதற்குள், காய்ச்சலுடனும் மூச்சுத் திணறலுடனும் அனுமதிக்கப்பட்டவர்கள் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து உயிரிழந்தனர். இறந்தோர் தொகை குறைந்தது ஏழாக உயர்ந்தது. "இனந்தெரியாத காய்ச்சல்" என்ற செய்தி ஊரெங்கும் பரவிற்று. குருதி மாதிரிகள் கொழும்புக்கு அனுப்பப்பட்டு, முடிவுகள் வந்து சேர்ந்த பின்னரே அது எலிக்காய்ச்சல் என்பது உறுதியானது.

எலிக்காய்ச்சல் நமக்குப் புதிய நோயல்ல. 2008ஆம் ஆண்டில் இந்நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகக் கணிக்கப்பட்டது. ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். இதற்கான மருந்தும் அரியதல்ல. பெனிசிலினும் டொக்சிசைக்கிளினும் நாட்டின் மிகச் சிறிய வைத்தியசாலையிலும் இருக்கக்கூடிய மலிவான மருந்துகள். நோய் தெரிந்தது, மருந்தும் கையிலிருந்தது. ஆயினும் உயிர்கள் போயின. மருந்துக்கும் நோயாளிக்கும் இடையே நின்றது நோயின் பெயர் தெரியாத அந்தச் சில நாட்களே என்பதை மறுக்க முடியாது.

குடாநாட்டின் நிலைமை இதுவெனின், கடலுக்கு அப்பால் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் வாழும் மக்களின் நிலைமை என்ன என்பதே நாம் இன்று எழுப்ப விரும்பும் வினா.

நோயறிதலில் உள்ள சிக்கலை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மாரி காலத்தில் காய்ச்சல், தலையிடி, உடல் உளைவு என்று ஒருவர் வைத்தியசாலைக்கு வந்தால் அது டெங்குவாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம், சிற்றுண்ணிகளால் பரவும் உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். முதல் இரண்டு மூன்று நாட்களில் இவற்றை அறிகுறிகளைக் கொண்டு மாத்திரம் பிரித்தறிவது அனுபவமுள்ள வைத்தியருக்கே கடினம். ஆனால் சிகிச்சையோ ஒன்றுக்கொன்று வேறுபட்டது. டெங்குவில் நுண்ணுயிர்க் கொல்லிகளால் பயனில்லை. உடலுக்குச் செலுத்தும் நீர்மத்தின் அளவை மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் கவனிப்பதே உயிரைக் காக்கும். எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் நுண்ணுயிர்க் கொல்லியைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும். மருந்துக் கடையில் இபுபுரூபன் போன்ற வலிநிவாரணியை வாங்கி விழுங்கிவிட்டு இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பவருக்கு வந்தது டெங்குவாயின், அம்மருந்தே குருதிப் பெருக்குக்கு வழிவகுக்கக்கூடும்.

பரிசோதனைகளுக்கும் எல்லைகள் உண்டு. எலிக்காய்ச்சலைக் கண்டறியப் பெரும்பாலும் நடத்தப்படும் பரிசோதனை, நோய்க்கு எதிராக உடல் உருவாக்கும் பிறபொருளெதிரிகளைத் தேடுவதாகும். அவை காய்ச்சல் தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரத்தின் பின்னரே போதிய அளவில் தென்படும். மூன்றாம் நாளில் எடுத்த குருதியில் நோய் இல்லை என்று முடிவு வந்தால் நோய் இல்லை என்று பொருளல்ல. முதல் வாரத்திலேயே கிருமியைக் கண்டறிய வல்லது பி.சி.ஆர். பரிசோதனை. ஆனால் அதற்கான வசதி சில ஆய்வுகூடங்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மிலியோய்டோசிஸ் என்னும் மண்வழி நோயின் நிலை இன்னும் மோசமானது. நீரிழிவு உள்ளவர்களைப் பெரிதும் தாக்கும் இந்நோய் நுரையீரலில் காசநோயைப் போலவே தோற்றம் காட்டும். வழமையாகக் கொடுக்கப்படும் பல நுண்ணுயிர்க் கொல்லிகளுக்குக் கட்டுப்படாது. நோயாளியிடமிருந்து பெற்ற மாதிரியை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தே பெரும்பாலும் இதனை உறுதிசெய்ய முடியும்.

எல்லாமே இயந்திரங்களை நம்பியவை என்றும் கூறிவிட முடியாது. உண்ணிக் காய்ச்சலுக்கு மிகச் சிறந்த தடயம், கடித்த இடத்தில் சிகரட் சுட்டதைப் போலக் காணப்படும் கறுத்த பொருக்கு. அது அக்குளிலோ அரையிலோ மார்பகத்தின் கீழோ மறைந்திருக்கும். நோயாளியை முழுமையாகப் பார்த்தால் மாத்திரமே தெரியும். ஆண் வைத்தியர் ஒருவர் மாத்திரம் கடமையிலுள்ள சிறிய வைத்தியசாலையில் தமிழ்ப் பெண்ணாயினும் முஸ்லிம் பெண்ணாயினும் இத்தகைய பரிசோதனைக்குத் தயங்குவது இயல்பு. பெண் வைத்தியரோ பயிற்சி பெற்ற தாதியோ அங்கிருப்பது வெறும் வசதியல்ல; நோயறிதலின் ஒரு பகுதியே அது.

தீவகத்தின் புவியியல் இத்தனை சிக்கல்களோடும் சேர்ந்துகொள்கிறது. வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் குடாநாட்டுடன் இணைக்கப்பட்டவை. அந்த வீதி குறிகட்டுவான் இறங்குதுறையுடன் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து நயினாதீவுக்குக் கடற்பயணம் குறுகியது. நெடுந்தீவுக்கோ ஒரு மணித்தியாலம் அளவில் எடுக்கும். கடல் கொந்தளித்தால் படகுச் சேவையே இல்லை. 2018 ஜூலையில் வட மாகாணத்துக்கு விரிவுபடுத்தப்பட்ட 1990 அவசர அம்புலன்ஸ் சேவை பல உயிர்களைக் காத்துவருகிறது என்பதில் ஐயமில்லை. எனினும் அது வீதியில் ஓடுவது, கடலில் ஓடுவதல்ல. நள்ளிரவில் நெடுந்தீவிலிருந்து கடற்படைப் படகில் நோயாளர் கொண்டுவரப்படும் செய்திகளை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். அது பாராட்டத்தக்க பணி. ஆனால் படகில் ஏற்றும் அளவுக்கு நோய் முற்றுவதற்கு முன்னர் அந்த நோயாளியின் குருதி எங்கே பரிசோதிக்கப்பட்டது என்று கேட்பார் எவருமில்லை.

நெடுந்தீவில் காய்ச்சல் கண்ட ஒருவரின் குருதி மாதிரி கடல் கடந்து, முப்பது கிலோமீற்றர் அளவில் வீதி கடந்து யாழ்ப்பாணம் வரவேண்டும். சிறப்புப் பரிசோதனை தேவைப்படின் அங்கிருந்து ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் பயணித்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தை அடையவேண்டும். முடிவு அதே வழியில் திரும்பவேண்டும். அம்முடிவு வரும்போது நோயாளி குணமடைந்து வீடு சென்றிருப்பார் அல்லது இவ்வுலகிலேயே இருக்கமாட்டார். இரு நிலையிலும் அம்முடிவு சிகிச்சைக்குப் பயன்படாது. புள்ளிவிபரத்துக்கு மாத்திரமே பயன்படும்.

வரலாற்றைப் புரட்டினால் இந்நாட்டில் தீவு என்பது நோயை ஒதுக்கி வைக்கும் இடமாகவே ஆட்சியாளரால் கருதப்பட்டு வந்திருப்பதைக் காணலாம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலில் நிற்கும் ஹமன்ஹீல் கோட்டை ஒரு காலத்தில் தொற்றுநோய் வைத்தியசாலையாகப் பயன்படுத்தப்பட்டது. மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவு தொழுநோயாளருக்கென ஒதுக்கப்பட்டது. இவை பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. கொவிட் தொற்றினால் இறந்தவர்களின் உடல்களை எரித்தேயாக வேண்டும் என்று 2020இல் அரசு விதித்த கட்டாயம் முஸ்லிம் மக்களின் நெஞ்சில் ஏற்படுத்திய காயத்தை நாம் அறிவோம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் அடக்கம் செய்வதை அனுமதித்திருந்தும், விஞ்ஞான ஆதாரமின்றி, பிறந்து இருபது நாட்களேயான பச்சிளம் பாலகனின் உடல்கூட எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் அத்தடை நீக்கப்பட்டபோது, அடக்கத்துக்கென முதலில் தெரிவானதும் ஒரு தீவே. பூநகரிக் கடலிலுள்ள இரணைதீவுக்கு உடல்களைக் கொண்டுசெல்லும் முடிவை அங்குள்ள தமிழ் மீனவ மக்களும் எதிர்த்தனர். முஸ்லிம் மக்களும் அதனை ஏற்கவில்லை. பின்னர் ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியதுடன் அத்தியாயம் முடிந்துவிட்டதாக அரசு கருதலாம். மக்கள் அவ்வாறு கருதுவதாக நாம் நினைக்கவில்லை.

இதனை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணமுண்டு. பரிசோதனை முடிவு தமக்கு எதிராகப் பயன்படும் என்று மக்கள் அஞ்சத் தொடங்கினால் அவர்கள் பரிசோதனைக்கே வரமாட்டார்கள். கொவிட் காலத்தில் நோயை மறைத்து வீட்டிலேயே இருந்தவர்கள் அனைவரும் அறியாமையினால் அவ்வாறு செய்தவர்கள் அல்லர். நம்பிக்கை இல்லாத இடத்தில் எந்த ஆய்வுகூடமும் நோயைக் கண்டறியாது. நயினாதீவில் நாகபூசணி அம்மன் ஆலயமும் நாகவிகாரையும் பள்ளிவாசலும் ஒரே மண்ணில் நிற்கின்றன. அங்கு பரவும் காய்ச்சலும் எவருடைய வாயிலில் நுழைகிறோம் என்று பார்ப்பதில்லை.

நோயறிதலில் விழிப்புக் குறைந்தால் என்ன நிகழும் என்பதற்கு இலங்கையின் மலேரியா வரலாறே சான்று. 1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே பதிவாகினர். நோய் ஒழிந்துவிட்டது என்ற நினைப்பில் கண்காணிப்புத் தளர்ந்தது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. நீண்ட போராட்டத்தின் பின் 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார ஸ்தாபனம் வழங்கியது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது, நகர்ப்புறங்களிலும் மலேரியாவைப் பரப்ப வல்ல புதிய நுளம்பினம். இன்றைய இளம் வைத்தியர்களில் பலர் மலேரியா நோயாளி ஒருவரைக்கூடக் கண்டிராதவர்கள். கண்டிராத நோயைச் சந்தேகிப்பது எளிதல்ல.

இவற்றுக்கு மேலாக, 2022இன் பொருளாதார நெருக்கடி மருந்து, பரிசோதனைப் பொருட்கள் ஆகியவற்றில் தட்டுப்பாட்டை ஏற்படுத்தியதுடன் பெருந்தொகையான வைத்தியர்களை வெளிநாடுகளுக்கும் அனுப்பிவைத்தது. தீவகத்தின் சிறிய வைத்தியசாலைகள் மாகாண நிர்வாகத்தின் கீழும், யாழ். போதனா வைத்தியசாலையும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் மத்திய அரசின் கீழும் இயங்குகின்றன. 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்த பின்னர் ஆண்டுக்கணக்காக மக்கள் பிரதிநிதிகள் அற்ற நிர்வாகமே நிலவியது. இரு நிர்வாகங்களுக்கும் இடையே குருதி மாதிரி யாருடைய பொறுப்பு என்று கேட்டால் இருவரும் மற்றவரைக் கைகாட்டும் நிலையே தோன்றும்.

ஆயினும் இவை தீர்க்க முடியாதவையல்ல. பெரும் நிதியும் தேவையில்லை.

முதலாவதாக, பெயர் தெரியும்வரை காத்திருக்காமல் சிகிச்சை தொடங்கும் ஒழுங்கு வேண்டும். வெள்ளநீரிலோ வயலிலோ கால்நடைப் பட்டியிலோ நின்றவருக்குக் காய்ச்சல் வந்தால், எலிக்காய்ச்சலைச் சந்தேகித்தவுடனேயே மருந்தைத் தொடங்கலாம் என்பதே மருத்துவ உலகின் ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. இந்நோய் எலியினால் மட்டுமன்றி மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீராலும் பரவும் என்பதைக் கட்டாக்காலி மாடுகள் நிறைந்த தீவகத்தில் வீடு வீடாகச் சொல்லவேண்டும்.

இரண்டாவதாக, முழுமையான குருதிக் கலக் கணிப்பும் டெங்குவுக்கான விரைவுப் பரிசோதனையும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் இடைவிடாது கிடைக்கவேண்டும். நிரந்தரமாக முடியாவிடின் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையாவது ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்களைச் சுழற்சி முறையில் அங்கு பணிக்கு அமர்த்தலாம். இத்தீவுகள் மூன்றிலும் சூரிய, காற்று மின் திட்டத்தை அமைப்பதற்கு 2024 மார்ச்சில் இந்திய உதவியுடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. அந்த மின்சாரத்தின் முதல் உரிமை வைத்தியசாலையின் குளிர்சாதனப் பெட்டிக்கும் ஆய்வுகூடத்துக்கும் உரியதாகட்டும்.

மூன்றாவதாக, 2020 ஏப்ரல் முதல் கொவிட் பரிசோதனைகளை யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீட ஆய்வுகூடம் திறம்பட நடத்திக் காட்டியது. அந்த அறிவும் ஆற்றலும் இங்கேயே உள்ளன. எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் உரிய பரிசோதனைகள் மாரி காலத்தில் யாழ்ப்பாணத்திலேயே ஒரே நாளில் முடிக்கப்பட வேண்டும். காலைப் படகில் வந்த மாதிரியின் முடிவு அன்று மாலை தொலைபேசி வழியே தீவின் வைத்தியரைச் சென்றடைய வேண்டும்.

நான்காவதாக, முடிவு நோயாளிக்கு விளங்கும் மொழியில் இருக்கவேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தவர் வைத்தியர் சாமுவேல் கிறீன். அவர் வாழ்ந்த மண்ணில், தம் கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருப்பது என்னவென்று அறியாது பையில் மடித்துக் கொண்டு அலையும் முதியவர்களை இன்றும் காண்கிறோம். பிள்ளைகள் வெளிநாடுகளில் வாழ, தனித்து வாழும் தீவக முதியோருக்கு நோயின் பெயரையும் அடுத்து வரவேண்டிய நாளையும் தமிழில் இரண்டு வரி எழுதிக் கொடுப்பதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

புலம்பெயர்ந்து வாழும் தீவக மக்கள் தம் ஊர்க் கோயில்களுக்கும் பாடசாலைகளுக்கும் தாராளமாக உதவுபவர்கள். அவர்களின் கவனமும் இதன்பால் திரும்ப வேண்டும். ஆனால் இது முதலில் அரசின் கடமை. 2025 நவம்பர் இறுதியில் நாட்டையே உலுக்கிய டித்வா சூறாவளி, பெருவெள்ளம் இனி அரிதாக வரும் அனர்த்தமல்ல என்பதை உணர்த்திச் சென்றுள்ளது. வெள்ளம் வற்றிய பின்னர் காய்ச்சல் வரும் என்பதும் நாம் அறிந்ததே. சுகாதார அமைச்சும் மாகாணத் திணைக்களமும் ஒரே மேசையில் அமர்ந்து, அடுத்த மாரிக்கு முன்னர் தீவகத்துக்கான திட்டமொன்றை வகுத்து, எந்தப் பரிசோதனை எங்கே எத்தனை மணித்தியாலத்தில் கிடைக்கும் என்பதை மக்களுக்குப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். 2024இல் இறந்தவர்களின் நோய்க்குப் பெயர் வைப்பதற்கு எடுத்த நாட்கள் இன்னொரு முறை வீணாகக் கழிவதற்கு அவர்கள் இடமளிக்கமாட்டார்கள் என எதிர்பார்க்கிறோம்.